அம்மா வருகிறாள், நான் வரவில்லை

அம்மிணி,

அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் போடு. மே மாதம் எந்தத் தேதியானாலும் சரி. பிள்ளைகளோடு தங்கப் பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற அந்தச் சூப்பர் விசாவுக்கு என் பெயரில் எதுவும் எழுதிப் போட வேண்டாம். போனில் இதைச் சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். மழை பெய்ததா, செவலை கன்று போட்டதா என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. எழுதினால்தான் எனக்கு வரும். இந்த விவசாயப் பக்கத்தை நீ விடாமல் படிக்கிறாய் என்று அம்மா சொன்னாள். தென்னை வெள்ளை ஈக்கும் கோமாரிக்கும் வழி தேடி வருகிறவர்களும் படிப்பார்கள். பங்காளிகளும் படிக்கிறார்கள். அதனால் நிலத்தைப் பற்றி இங்கே ஒரே வரிதான்: விற்கவில்லை. யார் வந்து கேட்டார்கள், யார் அனுப்பி வந்தார்கள் என்பதெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியில்லை. போன ஜூலையில் உங்கள் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், பே புல்ஸ் துறையில் படகு ஏறினோமே, அதை நினைத்துக்கொண்டேதான் இங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன்.

துறையை விட்டுக் கிளம்பும்போது எதிர்க்கரை தெரியாத பனி. லாப்ரடார் பக்கமிருந்து வருகிற குளிர்ந்த நீரோட்டமும் தெற்கிலிருந்து வருகிற வெதுவெதுப்பான நீரோட்டமும் அந்தக் கடலில் சந்திப்பதால் அப்படி என்று நீதான் சொன்னாய். வளைகுடாவின் வாயில் கலங்கரை விளக்கம் கொஞ்ச நேரம் தெரிந்து மறைந்தது. அப்புறம் விட்லெஸ் பே தீவுக்கு அடியில் கொண்டுபோய் எஞ்சினைக் குறைத்தார்கள். முதலில் வந்தது வாடை. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணையில் எரு அள்ளும் நாளில் வருகிற அதே வாடை. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பனி விலகியதும் மேலே பார்த்தால், புல் மூடிய சரிவு முழுக்கப் பொந்து. ஒவ்வொரு பொந்து வாசலிலும் ஒரு பஃபின் பறவை. படத்தில் பார்த்து வாத்து அளவு இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஒரு அடி உயரம்கூட இல்லை, எடை அரைக் கிலோ. ஒன்று படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. அலகில் குறுக்காக நாலைந்து கேப்லின் மீன், வெள்ளி மாதிரி. எழும்பப் பார்த்தது. சிறகை அடித்துக்கொண்டு தண்ணீர் மேலேயே ஓடியது, எழும்ப முடியவில்லை. கடைசியில் மீனை விடாமல் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தத் தீவுகளில் 2,60,000 ஜோடிக்கு மேல் இருக்கின்றன, வட அமெரிக்காவிலேயே பெரிய கூட்டம் இதுதான் என்று மைக்கில் அந்தப் பையன் சொன்னான்.

அவன் அடுத்து சொன்னதைத்தான் நீ எனக்கு மொழிபெயர்த்தாய். ஒரு வருசத்துக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, ஆறு வாரம்போல மீன் கொண்டுவந்து கொடுக்கும். அப்புறம் ஒரு ராத்திரி குஞ்சு தனியாகப் பொந்தைவிட்டு வெளியே வந்து கடலுக்குப் போய்விடும். தாய் தகப்பன் கூடப் போவதில்லை. சில வருசம் நடுக்கடலிலேயே கிடந்து, நாலைந்து வயதில் குஞ்சு பொரிக்க, பெரும்பாலும், தான் பிறந்த கூட்டத்துக்கே திரும்பி வரும்.

"பாரு அம்மிணி, பறவைக்குக்கூடத் தான் பொறந்த தீவு ஞாபகம் இருக்குது" என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். தமிழில்தானே, சுற்றி நின்றவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம்.

நீ பதில் சொல்லவில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. விழாமல் நிற்கக் கம்பியைப் பிடித்துத் திரும்பியபோதுதான் பார்த்தேன், என் ஜாக்கெட்டின் பின்பக்கப் பட்டையை நீ கையில் சுருட்டிப் பிடித்திருந்தாய். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாயோ. உன் கையுறை என் கையில் இருந்தது. உன் விரல் கணு எல்லாம் சிவந்து, நகம் நீலம் பாய்ந்திருந்தது. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகும் நீ பிடியை விடவில்லை.

அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கரைக்கு வரும்வரை நினைத்திருந்தேன். ஆனால் நீ பக்கத்தில் நின்ற அம்மணியிடம், எங்கப்பாவுக்குக் கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் தெரியாது என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாய். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும் அம்மிணி. நானும் கூடச் சிரித்தேன். கிணற்றுத் தண்ணீரில்தான் உனக்கு காலேஜ் பீஸ் கட்டினேன். கிணறு வற்றிய வருசம் காளை ஜோடியைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டினேன். இதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

"போகணும்னுதானே படிக்க வெச்சீங்கப்பா" என்று அன்று ராத்திரி நீ கேட்டது நியாயம்தான். நான்தான் அனுப்பினேன். அதற்காக நானும் வந்தாக வேண்டும் என்று இல்லையே.

அதற்கு முந்தின நாள் கேப் ஸ்பியரில் அந்தப் பழைய விளக்கு வீட்டு முன்னால் வெகுநேரம் நின்றேனே, கடலைப் பார்த்து அல்ல. அந்த விளக்கு 1836-இல் கட்டியது, கேன்ட்வெல் என்ற ஒரே குடும்பம் 150 வருசம் அதைப் பார்த்துக்கொண்டது என்று எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பன் கையிலிருந்து மகன் கைக்கு. பனியிலும் காற்றிலும் யாரோ ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். உன்னிடம் இதைச் சொன்னபோது, "1955-லயே விளக்க அந்தக் காங்கிரீட் கோபுரத்துக்கு மாத்திட்டாங்கப்பா, இப்ப அதுவே எரியுது, ஆளே வேண்டாம்" என்றாய். உண்மைதான். நம் கொறங்காடு, ஆடு மாடு மேய்கிற வேலி போட்ட காடு, அப்படித் தானாக இருந்துகொள்ளாது. கிளுவை வேலியில் ஒரு போத்து பட்டுப் போனால் அடுத்த மழைக்குள் வேறு நட வேண்டும். கொழுக்கட்டைப்புல் அடிக்கட்டை அளவுக்கு இறங்குவதற்குள் ஆட்டை அடுத்த காட்டுக்கு மாற்ற வேண்டும். வெள்வேலங்காய் உதிரும் மாதம் யாராவது பட்டியில் படுத்தாக வேண்டும். ஆள் வைத்துக்கொள் என்பாய். எந்த ஆள்? ஊரில் இருக்கிற இளவட்டம் எல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறது.

அம்மா விசயம் வேறு. அவள் வரத்தான் விரும்புகிறாள். ஏன் என்று இங்கே எழுத மாட்டேன், அது அவளுக்கும் எனக்கும் இடையில். நான் தடுத்ததில்லை, அதை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். உன் பிரசவம் முடிந்து, பனிக்காலம் கழிந்த பிறகு அவள் திரும்பினால் போதும். எனக்குச் சோறாக்கத் தெரியும்.

அவளை மறுபடி அந்தப் படகுக்குக் கூட்டிப் போனால், ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாந்தி மாத்திரை கொடுத்துவிடு. போன தடவை படகு நகர்ந்த பிறகு கொடுத்து ஒன்றும் கேட்கவில்லை, பாதித் தூரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டே வந்தாள், திமிங்கிலத்தைப் பார்க்கவேயில்லை. ஆகஸ்டு மாதம் ராத்திரியில் குஞ்சுகள் கடலென்று நினைத்துத் தெருவிளக்குக்கும் வீட்டு வெளிச்சத்துக்கும் வந்து விழுகின்றன, ஊர்க்காரர்கள் வலையோடு போய்ப் பிடித்துக் காலையில் கடலில் விடுகிறார்கள் என்றாயே, அதற்கும் அவளைக் கூட்டிப் போ. கோழிக்குஞ்சை நெஞ்சு நசுங்காமல் எடுக்கிற கை அவளுடையது. நீ போகாதே, வயிற்றுப் பிள்ளையோடு இருட்டில் ரோட்டில் ஓட வேண்டாம்.

நான் ஏன் வரவில்லை என்று அவளைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே. கேட்பதானால் என்னைக் கேள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அதுவரை காட்டில் சிக்னல் இருக்காது.

அப்பா
காங்கேயம் பக்கம், தோட்டத்துச் சாளை