ஆடிப்பட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

மாடித்தோட்டத் தன்னார்வலர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பட்டத்து ஞாயிறு வகுப்புகள் முடிந்துவிட்டன. முதல் நன்றி, தென்னைநார்க் கழிவைக் கழுவிக் காட்டியவர்களுக்கு. 5 கிலோ கட்டியைச் சுமார் 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாயம் வெளுக்கும்வரை மூன்று தண்ணீர் மாற்றினீர்கள். கையெல்லாம் கறை! கழுவாத நாரில் உப்பு தங்கும். நாற்றின் இலை நுனி கருகும். சத்துக் குறைவென்று நினைத்து உரத்தைக் கூட்டினால் உப்பு இன்னும் ஏறும். "செடி கருகுதே, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று வந்தவர்களிடம், "முதல்ல பைய கவுத்து வேரைப் பாருங்கம்மா" என்றீர்களே, பாதிப் பேருக்கு மருந்தே தேவைப்படவில்லை.

பையில் நிரப்பும் கலவைக்குச் செம்மண், நார்க்கழிவு, மண்புழு உரம் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இதைச் சொல்வது சுலபம். ஈரப்படுத்திப் பத்து நாள் ஆறப்போடச் சொல்லித்தான் உங்களுக்குத் தொண்டை வறண்டது.

கத்தரி இலையைப் புரட்டி மாவுப்பூச்சியைக் காட்டியவர்களே, கூடவே எறும்புச் சாரியையும் காட்டினீர்கள். பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். எறும்பைத் தடுக்காமல் பூச்சி ஒழியாது. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. அதை முதலில் காதி சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்காவிட்டால் மேலே மிதக்கும். கடைசியாகத் தெளிக்கும் செடிக்கு வெறும் எண்ணெய்தான் போய்ச் சேரும். தெளிப்பதும் வெயில் தாழ்ந்த பிறகுதான்.

சுரை, பீர்க்குக்காகச் சாயங்காலம் வந்தவர்களுக்குத் தனி நன்றி. பூசணி விடிகாலையில் மலரும். இவை பொழுது சாயும்போது. பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது என்ற புலம்பலுக்குப் பல வீடுகளில் காரணம் நோயல்ல, மகரந்தம் சேராததுதான். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ. ஆண் பூவின் இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவி, காம்பில் நூல் கட்டி அடையாளம் வைத்தீர்கள்.

பைகளை எங்கே வைக்கலாம் என்று தெரிய, தளத்தைத் தாங்கும் பீம் ஓடும் இடத்தைச் சாக்கட்டியால் கோடு போட்டுத் தந்த மேஸ்திரி அண்ணனுக்கும் நன்றி. நனைந்த பையின் கனம் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கழுவிய நார்க்கழிவு இரண்டு சாக்கு மிச்சம். மாடிப்படிக்கு அடியில் நிழலில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சாக்கை மட்டும் திருப்பித் தாருங்கள்.

நன்றியுடன்,
வகுப்பு ஏற்பாட்டாளர்கள்