பாய்மரப் படகுப் போட்டி: எந்தப் படகு என்பதை முடிவு செய்வது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகுப் போட்டி பற்றிய செய்தி நம் நாளிதழ்களில் ஒலிம்பிக்கை ஒட்டியோ ஆசிய விளையாட்டை ஒட்டியோதான் வருகிறது. அதுவும் யார் எத்தனையாவது இடம் பிடித்தார் என்பதோடு நின்றுவிடுகிறது. அவர் எந்த வகைப் படகில் போட்டியிட்டார், அந்த வகை அடுத்த ஒலிம்பிக்கிலும் இருக்குமா, இல்லையென்றால் அப்படி முடிவு செய்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. இந்த விளையாட்டில் ஒருவர் பத்து ஆண்டுகள் பட்ட பாடு நிலைப்பதும் வீணாவதும் பெரும்பாலும் அந்த முடிவைப் பொறுத்தே அமைகிறது என்பதால் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

1907-இல் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்டு, இருமுறை பெயர் மாறி, 2015 முதல் 'வேர்ல்டு செய்லிங்' என்று அழைக்கப்படும் சம்மேளனமே இதன் உலகத் தலைமை. நாடுகளின் தேசியச் சங்கங்கள் அதன் உறுப்பினர்கள். நம் நாட்டின் சார்பில் யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. 2020-இல் சீனாவின் குவான்ஹாய் லி தலைவரானபோது, ஐரோப்பியரும் வட அமெரிக்கருமே அமர்ந்துவந்த அந்த நாற்காலிக்கு முதன்முறையாக ஆசியர் ஒருவர் வந்தார். 2024-இல் அவரே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இச்சம்மேளனம் நன்றாகச் செய்யும் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். போட்டி விதிப் புத்தகம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒலிம்பிக் முடிந்த பிறகு திருத்தப்படுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்குமானது. திருத்தங்கள் எத்தனை வந்தாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது. இரு படகுகள் எதிரெதிராக வரும்போது, இடப்புறத்தில் காற்றை வாங்கி வரும் படகு, வலப்புறத்தில் காற்றை வாங்கி வரும் படகுக்கு வழிவிட வேண்டும். "ஸ்டார்போர்டு!" (வலப்புறம்) என்று ஒரு குரல் கொடுத்தால் எந்த நாட்டுக்காரரும் புரிந்துகொண்டு ஒதுங்குவார். பெரும்பாலான போட்டிகளில் ஒவ்வொரு படகின் பின்னாலும் நடுவர் செல்வதில்லை. விதியை மீறியவர் தாமே படகை இரண்டு சுற்றுச் சுற்றித் தண்டனையை ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுத்தால், பாதிக்கப்பட்டவர் 'புரொடெஸ்ட்' என்று கூவி, பெரிய படகாக இருந்தால் சிவப்புக் கொடியும் காட்டிவிட்டு, கரைக்கு வந்து எழுத்து மூலம் முறையிடுவார். சென்னைத் துறைமுகத்தில் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகை ஓட்டும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கும் ஒலிம்பிக் சாம்பியனுக்கும் இந்த விஷயத்தில் சட்டம் ஒன்றுதான்.

ஆனால், விதிப் புத்தகத்தில் காட்டும் நிதானத்தை ஒலிம்பிக் படகுகளைத் தேர்ந்தெடுப்பதில் இதே சம்மேளனம் காட்டுவதில்லை. 2012 மே மாதம் அதன் கவுன்சில், 19-க்கு 17 என்ற வாக்குக் கணக்கில், 1984 முதல் ஒலிம்பிக்கில் இருந்த, பாய் பொருத்திய பலகையில் நின்று ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கை நீக்கி, ரியோ ஒலிம்பிக்கில் காற்றில் பறக்கும் பட்டம் இழுக்கப் பலகையில் செல்லும் கைட்போர்டிங்கைச் சேர்த்தது. ஆறே மாதத்தில், அயர்லாந்தின் டன் லீரி நகரில் கூடிய பொதுச் சபை அம்முடிவைத் தலைகீழாக மாற்றியது. முதலில் ஒரு கூட்டத்தாருக்கு நான்கு ஆண்டு உழைப்பு போனது போலிருந்தது. பிறகு, அதை நம்பிப் புதுப் பலகையும் பட்டமும் வாங்கிய மற்றொரு கூட்டத்தாருக்குப் பணம் போனது.

விண்ட்சர்ஃபிங் நீடித்ததே தவிர அதன் பலகை நீடிக்கவில்லை. 1984-இல் விண்ட்கிளைடர், அடுத்த இரு ஒலிம்பிக்குகளில் லெக்னர் வகைகள், 1996 முதல் மிஸ்ட்ரல், 2008 முதல் ஆர்எஸ்:எக்ஸ், 2024-இல் நீரைவிட்டு எழும்பிப் பறக்கும் ஐக்யூஃபாயில். டோக்கியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்ற ஆர்எஸ்:எக்ஸ் பலகையில்தான் 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் ஈபாத் அலி வெண்கலம் வென்றார். அந்தப் பதக்கத்தின் பெருமையில் எனக்கு எள்ளளவும் குறை இல்லை. ஆனால், அவர் கற்ற அந்தப் பலகையைக் கொண்டு ஒலிம்பிக்குக்குப் போக வழியில்லை என்பது அன்றைய செய்திகளில் எத்தனை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்?

ஃபின் படகின் கதை இன்னும் விசித்திரமானது. 1952 முதல் தவறாமல் ஒலிம்பிக்கில் இருந்துவந்த இந்தத் தனி ஆள் படகு, உயரமும் எடையும் மிகுந்த ஆண்களுக்கு இருந்த ஒரே தனி நபர் பிரிவு. பாரிஸ் ஒலிம்பிக்கில் அதற்கு இடமில்லை என்று 2018-இல் முடிவு செய்த சம்மேளனம், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இரவு பகலாகத் திறந்த கடலில் ஓட்டும் தொலைதூரப் போட்டியைக் கொண்டுவரத் திட்டமிட்டது. செலவு, பாதுகாப்பு, ஒளிபரப்புச் சிக்கல் ஆகியவற்றை எடுத்துக்காட்டிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2021 ஜூனில் அத்திட்டத்தை ஏற்க மறுத்து, அந்த இடத்தில் ஆடவர், மகளிர் கைட் பிரிவுகளைத் தனித்தனியே வைத்தது. பழையதும் போய், கொண்டுவர நினைத்ததும் வராமல், தொண்ணூறு கிலோ எடையுள்ள வீரர் கரையில் நின்றார். கமிட்டி எதை ஏற்கும் என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யாமல் கையில் இருந்ததை விட்டது யாருடைய பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம்மைப் போன்ற நாடுகளுக்கு மிக நெருக்கமானது லேசர் என்ற தனி ஆள் படகு, இப்போதைய பெயரில் ஐஎல்சிஏ. ஏறத்தாழ 4.2 மீட்டர் நீளமும் அறுபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்ட ஒரே உடற்பகுதி. அதன்மேல் மூன்று அளவுகளில் பாய். சிறுவர், சிறுமியர் சுமார் 4.7 சதுர மீட்டர் பாயில் தொடங்குவார்கள். பெண்களின் ஒலிம்பிக் பிரிவுக்கு அதைவிடச் சற்றுப் பெரியது. ஆண்களுக்கு ஏழு சதுர மீட்டரைத் தாண்டியது. பிள்ளை வளர வளர மாற்ற வேண்டியவை பாயும் பாய்மரத்தின் அடித்துண்டும்தான். பழைய படகே போதும். பாரிஸ் ஒலிம்பிக்கில் இதன் இரு பிரிவுகளிலும் 43 நாட்டவர் வீதம் பங்கேற்க, இருவர் ஓட்டும், விலை கூடிய 49இஆர் படகுப் பிரிவில் 20 ஜோடிகளே இறங்கின என்பது தற்செயல் அல்ல. டோக்கியோவுக்குத் தகுதி பெற்று, பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக் சென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயரெடுத்த சென்னையின் நேத்ரா குமணனும், ராணுவ வீரர் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் இரண்டுக்கும் சென்றது இந்தப் படகில்தான். டோக்கியோவில் 49இஆர் ஓட்டிய கே.சி. கணபதியும் வருண் தக்கரும் அதற்காக ஐரோப்பாவில் நெடுங்காலம் தங்கிப் பயிற்சி பெற வேண்டியிருந்தது.

அந்த லேசரும் 2019-இல் ஒலிம்பிக்கை இழக்க இருந்தது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே கட்டுநர் என்ற ஏற்பாடு ஐரோப்பிய வணிகப் போட்டிச் சட்டத்தின்முன் நிற்காது என்ற கவலையில், சம்மேளனம் ஸ்பெயினின் வலென்சியாவில் மாற்றுப் படகுகளைக் கடலில் இறக்கிச் சோதித்தது. சோதனைக் குழு ஆர்எஸ் ஏரோ என்ற புதிய படகைப் பரிந்துரைத்தது. நல்ல படகுதான், மறுக்கவில்லை. ஆனால், உலகெங்கும் படகு மன்றங்களில் கிடந்த பல்லாயிரம் லேசர்களை என்ன செய்வது? இதற்கிடையே, தொழிற்சாலைச் சோதனைக்கு அனுமதி மறுத்த ஒரு கட்டுநரின் உரிமத்தை அந்த வகைப் படகுக்கான சர்வதேச அமைப்பான லேசர் வகைச் சங்கம் ரத்து செய்யவே, வணிகப் பெயரையும் கைவிட நேர்ந்து, படகின் பெயரே ஐஎல்சிஏ ஆயிற்று. மே மாதத்தில் கவுன்சில் பழைய படகையே தக்கவைத்தது. கட்டும் உரிமை பிறருக்கும் திறந்துவிடப்பட்டதால் ஆசியாவில் மேலும் சில நாடுகளிலும் இப்போது இது கட்டப்படுகிறது. நான் இங்கு எடுத்துக்காட்டிய முடிவுகளில் ஏழை நாடுகளின் பக்கம் நின்றது இந்த ஒன்றுதான் என்பேன். அதுவும் நூலிழையில் தப்பியது.

விலை உயர்ந்த படகுகளின் விளைவை மாற்றுத்திறனாளி வீரர்கள் ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள். 2000 முதல் 2016 வரை பாராலிம்பிக்கில் இருந்த பாய்மரப் படகோட்டம், உலகளாவிய பரவல் போதவில்லை என்ற காரணத்தால் டோக்கியோவிலிருந்து நீக்கப்பட்டது, இன்னும் திரும்பவில்லை. ரியோவில் பயன்பட்ட சோனார் போன்ற அடிக்கட்டை கனத்த படகுகளை எத்தனை நாட்டு மன்றங்கள் வாங்க முடியும்?

வேகமும் புதுமையும் இல்லாவிட்டால் இளைஞர்களும் தொலைக்காட்சியும் வரமாட்டார்கள் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஐக்யூஃபாயிலும் கைட்டும் கரையிலிருந்து பார்ப்பவரை ஈர்க்கின்றன. பாரிஸின் பத்துப் பிரிவுகளையே லாஸ் ஏஞ்சல்ஸ் 2028-க்கும் வைத்துக்கொண்டது நல்ல அறிகுறி. என் கோரிக்கை குறுகியது: ஒரு வகையை நீக்குவதென்றால் இரண்டு ஒலிம்பிக் காலத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும், புதிய வகையைச் சேர்க்கும் முன் ஒரு வீரருக்கு நான்கு ஆண்டுகளில் ஆகும் செலவையும், அது எத்தனை நாடுகளில் ஓட்டப்படுகிறது என்பதையும் வாக்கெடுப்புக்கு முன்பாக வெளியிட வேண்டும். கிரிக்கெட்டில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டையின் அளவை மாற்றினால் எவ்வளவு கூச்சல் எழும்! இங்கே எழாததற்குக் காரணம், பாதிக்கப்படுவோர் சிலர் என்பதே.

இதில் நம் சங்கத்துக்கும் கடமை உண்டு. சம்மேளனத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு நாடுகளும் வகைச் சங்கங்களும் அனுப்பும் முன்மொழிவுகள் முன்னதாகவே பொதுவெளியில் வெளியாகின்றன. அவற்றில் எதற்கு இந்தியா ஆதரவு, எதற்கு எதிர்ப்பு என்பதை யாட்டிங் அசோசியேஷன் ஆஃப் இந்தியா கூட்டத்துக்கு முன்பே மாநிலச் சங்கங்களிடமும், 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற மன்றங்களிடமும் கேட்டு முடிவு செய்து, கூட்டம் முடிந்ததும் வெளியிட வேண்டும். பிரிஸ்பேன் 2032-க்கான படகுகள் பற்றிய பேச்சு சூடுபிடிக்கும்போது, பதக்கப் பட்டியலுக்கு ஒதுக்கும் இடத்தில் கால் பங்கையாவது அந்தக் கூட்டங்களின் முடிவுகளுக்குத் தங்கள் விளையாட்டுப் பக்கம் ஒதுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பாய்மரப் படகுப் போட்டிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் வாசகர்,
ராயபுரம், சென்னை