கோடையிலும் தண்ணீரைச் சோதியுங்கள்

ஆசிரியருக்கு,

வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருவது பற்றிய செய்தியைப் படித்தேன். எவ்வளவு வரும் என்றே எப்போதும் பேசுகிறோம். எப்படிப்பட்ட தண்ணீர் என்று கேட்பதில்லை. வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரைப் பக்கம்தான் எங்கள் வீடு. தை மாதம் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு பூப்போல வேகும். வைகாசியில் அதே கிணறு, அதே பருப்பு, ஒரு மணி நேரம் கொதித்தும் விதைவிதையாகவே நிற்கும். பானையின் உள்பக்கம் உப்பு வெள்ளையாகப் படிந்துவிடும். ஆற்றில் நீர் வற்றினால் நிலத்தடி நன்னீரின் அழுத்தம் குறைகிறது, கடல்நீர் உள்ளே ஏறுகிறது. சரி, வெள்ளம் வந்தால் தீர்ந்ததா? முதல் வெள்ளம் மாதக்கணக்கில் சேர்ந்த குப்பையையும் கழிவையும் அள்ளி வருகிறது. அப்போது உப்பு குறையும், கிருமி கூடும்.

ஆகவே மழைக்காலத்தில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து 'குடிக்கலாம்' என்று ஆண்டு முழுவதற்கும் சொல்வது தவறு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடலோர ஊர்க் கிணறுகளை மே மாதத்தில் ஒருமுறை, முதல் வெள்ளம் வடிந்ததும் ஒருமுறை சோதித்து, அந்த அளவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்