கபுவை ஒழித்தவர் காஅஹுமானு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹவாய்த் தீவுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, பெண்களை ஒடுக்கிவந்த ‘கபு’ என்ற மதக் கட்டுப்பாடுகளை அமெரிக்க மிஷனரிகள் ஒழித்ததாகச் சொல்கிறது. அது சரியல்ல. அதில் முன்னால் நின்றவர் காஅஹுமானு என்ற அரசி. கட்டுரையில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

தீவுகளை ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த முதலாம் கமேஹமேஹா 1819 மே மாதம் இறந்தார். மகன் லிஹோலிஹோ பட்டத்துக்கு வந்தபோது, மறைந்த மன்னரின் மனைவி காஅஹுமானு, தானும் சேர்ந்து ஆளவேண்டும் என்பதே கணவரின் விருப்பம் என்று அறிவித்து, ஆட்சியில் பங்கு எடுத்துக்கொண்டார். அதுவரை கபுவின்படி பெண்கள் ஆண்களோடு ஒரே பந்தியில் உட்கார முடியாது. பன்றிக்கறி, தேங்காய், வாழைப்பழத்தில் பெரும்பாலான வகைகள் எல்லாம் அவர்களுக்கு விலக்கு. மீறினால் உயிரே போகலாம். அந்த நவம்பரில், காஅஹுமானுவும் லிஹோலிஹோவின் தாய் கேஓபூஓலானியும் தூண்ட, இளம் மன்னர் கைலுவாவில் நடந்த விருந்தில் எழுந்துபோய்ப் பெண்கள் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டார். கோயில்களை இடிக்கவும் சிலைகளை எரிக்கவும் உத்தரவு பிறந்தது. பழைய தெய்வங்களுக்காகப் படை திரட்டிய கேகுவாஓகலானியும், அவர் பக்கத்தில் நின்று போரிட்ட மனைவி மனோனோவும் குவாமோஓவில் மாண்டார்கள். இவ்வளவும் நடந்தபோது மிஷனரிகள் ஏறிவந்த தாடியஸ் கப்பல் இன்னும் கடலில்தான் இருந்தது. அது ஹவாயை அடைந்தது 1820-இல்.

அப்புறம்தான் காஅஹுமானு எழுத்துப் படித்தார். 1825-இல் ஞானஸ்நானம் பெற்றார். லிஹோலிஹோ 1824-இல் லண்டனில் தட்டம்மையால் இறந்துவிட, சிறுவனான அடுத்த மன்னருக்காக, 1832-இல் தான் சாகும்வரை அவரே நாட்டை நடத்தினார்.

அவர் செய்ததையெல்லாம் நான் புகழவில்லை. 1830-இல் பொது இடங்களில் ஹூலா நடனத்தைத் தடைசெய்தார். மறு ஆண்டு கத்தோலிக்கப் பாதிரியார்களை நாடுகடத்தினார். ஹூலா தடையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. தங்கள் வம்ச வரலாற்றைக்கூடப் பாட்டும் ஆட்டமுமாகக் காத்துவந்த மக்கள் அவர்கள். ஆனால் நல்லதோ கெட்டதோ, முடிவெடுத்தவர் அந்த நாட்டுப் பெண்தான். அந்த இடத்தில் மிஷனரிகளை வைத்து எழுதும்போது அவருடைய துணிவும் காணாமல் போகிறது, அவருடைய தவறும் காணாமல் போகிறது.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இடம் இருந்தால் காஅஹுமானுவைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருச்சி