அது ஓசி டூர் இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க பத்திரிகைல கடலோர ஊருங்களுக்கு கம்மி செலவுல எப்படி போறதுன்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா கடைசியில ரெண்டு வரி, கப்பல்ல வாலண்டியரா சேந்துட்டா ஓசியிலயே உலகம் சுத்தலாம்னு. நான் சேலத்துல நர்ஸா இருக்கேன், மெர்சி ஷிப்ஸ்ங்கற தொண்டு நிறுவனத்தோட குளோபல் மெர்சிங்கற ஆஸ்பத்திரி கப்பல்ல மூணு மாசம் வார்டுல வேலை பாத்துட்டு வந்தவ. கப்பல் நின்னது மேற்கு ஆப்பிரிக்காவுல, சியரா லியோன் நாட்டோட தலைநகரம் ஃப்ரீடவுன்ல. அந்த ரெண்டு வரிய படிச்சதுல இருந்து மனசு ஆறவே மாட்டேங்குது, ஏன்னா எங்க சொந்தக்காரங்களும் இதையேதான் சொல்றாங்க, ஓசியில ஊர் சுத்திட்டு வந்துட்டேன்னு.

ஓசி இல்லைங்க. கேப்டன், டாக்டர், நர்ஸ், சமையல் பண்றவங்க எல்லாருமே அங்க வாலண்டியர்தான். ஃப்ளைட் டிக்கெட், இன்சூரன்ஸ், தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் மாசாமாசம் கட்டுற காசு எல்லாம் என் கைக்காசு, நாலு வருஷம் கட்டுன சீட்டு பணத்த எடுத்துத்தான் போனேன். மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வரைக்கும் போகணும், கெளம்புறதுக்கு பத்து நாளைக்கு முன்னாடியே போட்டுக்கணும், அந்த மஞ்ச கார்டு இல்லாம திரும்பி வந்தா நம்ம ஊர் ஏர்போர்ட்லயே தனியா நிறுத்தி வச்சுருவாங்க. இதையாவது கட்டுரையில போட்டிருந்தா போக நினைக்கிற பிள்ளைங்களுக்கு உதவியா இருந்திருக்கும்.

கப்பல் 174 மீட்டர் நீளம், 12 டெக், 6 ஆபரேஷன் தியேட்டர், நோயாளிகளுக்கு ஆபரேஷன் முழுக்க இலவசம். அங்க வேலை பாக்குற நாங்களேதான் ரத்த வங்கியும், ஒரு நாள் ராத்திரி தூக்கத்துல எழுப்பி கூப்பிட்டாங்க, போய் ஒரு யூனிட் குடுத்துட்டு வந்து மறுபடி படுத்தேன்.

ஆனா ஊர் சுத்துனேன், அது உண்மை, அத மறைக்க வேண்டிய அவசியமும் இல்ல. லீவு நாள்ல கேங்வேல, அதாவது கப்பல்ல இருந்து எறங்குற பாலத்துல, பேட்ஜ காட்டிட்டு எறங்குனா வெளிய கேகேன்னு ஒரு வண்டி நிக்கும், பாத்தா நம்ம பஜாஜ், டிவிஎஸ் ஆட்டோ! அதுல ஏறித்தான் எல்லா எடத்துக்கும் போனோம். துறைமுகத்துக்கு பக்கத்துல கிளைன் டவுன்ல ரயில்வே மியூசியம் இருக்கு, 1961ல எலிசபெத் ராணி வந்தப்ப அவங்களுக்காக செஞ்ச ரயில் பெட்டிய பத்திரமா வச்சிருக்காங்க. லம்லி பீச்சும் போனோம், அழகான பீச்.

ஊர் நடுவுல ஒரு பெரிய இலவ மரம் இருந்துச்சாம், நாம தலகாணிக்கு பஞ்சு எடுக்குற அதே ஜாதி, 1792ல அடிமைத்தனத்துல இருந்து விடுபட்டு வந்து இந்த ஊர உண்டாக்குனவங்க அதுக்கு கீழதான் கூடி சாமி கும்பிட்டாங்கன்னு சொல்றாங்க, ரூபா நோட்டுல எல்லாம் அச்சடிச்ச மரம். 2023 மே மாசம் மழைக்காத்துல சாஞ்சிருச்சு, நான் போனப்ப அடிமரம்தான் மிச்சம். அதையே ஒருத்தர் நின்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஊருக்குள்ளயே கிங்ஸ் யார்டுன்னு ஒரு பழைய கல் வாசல், அடிமை கப்பல்கள்ல இருந்து மீட்டு கொண்டு வந்தவங்கள அந்த வாசல் வழியா கூட்டிட்டு போய்த்தான் வைத்தியம் பாத்திருக்காங்க. இன்னைக்கும் அங்க ஆஸ்பத்திரிதான் இருக்கு. அந்த கல்ல தொட்டுட்டு நின்னேன், கூட வந்த பிலிப்பைன்ஸ் நர்ஸும் ஒன்னும் பேசல, நானும் பேசல.

சாயங்காலம் டெக்ல நின்னா ஊருக்கு பின்னாடி மலை, மேல வரைக்கும் வீடு, ஒவ்வொரு லைட்டா எரிய ஆரம்பிக்கும், அஸ்தம்பட்டியில நின்னு ஏற்காடு மலைய பாக்குற மாதிரியே இருக்கும். 2017ல அந்த மலை சரிஞ்சு செத்தவங்களும் காணாம போனவங்களுமா ஆயிரம் பேருக்கு மேல. ஃபெஞ்சல் புயல்ல ஏற்காடு ரோட்ல மண் சரிஞ்சத பாத்த எனக்கு அது வெறும் செய்தியா தோணல.

இப்ப சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். எங்க வார்டுல ஒரு அம்மா, சின்ன வயசுல தீக்காயம் பட்டு முழங்கை மடங்குனபடியே ஒட்டிப்போனவங்க, அத விரிச்சு தோல் வச்சு தைச்சிருந்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாள் நிமிந்தே பாக்கல, சாப்பாட்ட தொட்டுட்டு தள்ளி வச்சுருவாங்க. அந்த ஊர் கிரியோ மொழியில நலம் விசாரிக்கிறதே "ஹவ் டி பாடி", அதாவது நாம கேக்குற அதே "உடம்பு எப்படி இருக்கு"தான், தினமும் கேப்பேன், பதில் வராது. அஞ்சாவது நாள் எனக்கு லீவு, மார்க்கெட் பக்கம் போனா ஒரு வீட்டு வாசல்ல உரல்ல எதையோ இடிக்கிறாங்க, கிட்ட போய் பாத்தா மரவள்ளி தழை! ஆத்தூர் பக்கம் எங்க தாத்தா காட்டுல போட்டதுதான், குச்சிக்கிழங்குன்னு சொல்லுவோம், கிழங்கு ஜவ்வரிசி மில்லுக்கு போயிரும், தழைய ஆடு மேஞ்சா செத்துரும்னு வெரட்டுவாங்க. இவங்க அத நல்லா இடிச்சு, நஞ்சு போற அளவுக்கு வேகவச்சு, பாம் ஆயில், வேர்க்கடலை, கருவாடு, மொளகா போட்டு சோத்துல ஊத்தி சாப்பிடுறாங்க. நானும் ஒரு தட்டு வாங்கி சாப்பிட்டேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு, அவ்வளவு காரம்.

மறுநாள் அந்த தட்டு போட்டோவ அந்தம்மாகிட்ட காட்டுனேன். பாத்துக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் நல்லா இருக்குற கைய தூக்கி, தழை பத்தல, இன்னும் இடிச்சிருக்கணும்னு உலக்க பிடிக்கிற மாதிரி காத்துல குத்தி குத்தி காமிச்சாங்க. பக்கத்து பெட்ல இருந்தவங்க இல்ல இல்ல இப்படித்தான்னு சண்டைக்கே வந்துட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் தட்டு காலி. சாயங்காலம் ஹவ் டி பாடின்னேன், "டெல் காட் டெங்கி"ன்னாங்க, கடவுளுக்கு நன்றின்னு அர்த்தம்.

அந்த லீவு நாள்ல நான் ரூம்லயே படுத்து தூங்கியிருந்தா அவங்க எனக்கு கட்டு போட்ட கை மட்டுந்தாங்க. ஊர பாத்ததும் என் வேலைதான், அதுக்கும் என் காசுதான் குடுத்தேன். தயவுசெஞ்சு அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டு அந்த "ஓசி"ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துருங்க.

இப்படிக்கு,
வாசகி, ஒரு நர்ஸ்,
அஸ்தம்பட்டி, சேலம்.