மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒன்பது நடந்தன. மழையால் இரண்டும், தேர்வுக் காலம் என்று ஆள் வராததால் ஒன்றும் நடக்கவில்லை. 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தரவேண்டிய கணக்கைத் தந்துவிட்டோம். வழக்கமான செய்திகள் அவ்வளவுதான். மீதி அறிக்கை முழுக்க நாம் நடத்திய சமூக அறிவியல், மானுடவியல் ஆய்வுக் கருத்தரங்கத்தைப் பற்றியது. அதில் பாராட்டு வாங்கவேண்டிய இடமும் உண்டு, திட்டு வாங்கவேண்டிய இடமும் உண்டு.

‘கிராம ஆய்வுகள்: நேற்றும் இன்றும்’ என்று தலைப்பு வைத்ததற்குக் காரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்கள் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் கிராமங்களுக்குப் போய் நிலம், கூலி, கடன், சாப்பாடு எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். அது 1918இல் புத்தகமானது. அதில் உள்ள ஊர்களில் ஒன்று நம் விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகியவையும் உண்டு. 1936–37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் இந்த ஊர்களுக்கு மறுபடி போனார்கள். பிறகு குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி எழுதியது 1983இல் வெளிவந்தது. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் வந்தார்கள். தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஒரே ஊரை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நம்மில் பலருக்கு இது தெரியாது. எனக்கே மூன்று வருடத்துக்கு முன்புதான் தெரியும். பழைய புத்தகத்தில் ‘எருவெல்லிப்பேட்’ என்று படிக்கும்படி ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதால், அது வேறு ஏதோ ஊர் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

இந்த ஆய்வாளர்கள் ஊர்ப் பெயரை மறைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தஞ்சைப் பக்கம் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் ‘ஸ்ரீபுரம்’ என்றும், காத்லீன் கஃப் ‘கும்பாபேட்டை’ என்றும் புனைபெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் பெயர் இருந்தால்தான் இன்னொருவர் அதே ஊருக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடியும். இந்த விவாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். அது இரண்டரை மணி நேரம் ஓடியது. நான் குறுக்கிடவில்லை.

முதலில் 2024 டிசம்பர் 7 என்று தேதி குறித்து, அழைப்பிதழும் அடித்தாயிற்று. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தபோது தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் என்ன பாடுபட்டன என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருவேல்பட்டும் அதில் தப்பவில்லை. அந்த வாரத்தில் கட்டுரை வாசிப்பது பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. நம் உறுப்பினர்கள் அரிசியும் பாயும் சேகரித்துக் கொடுத்தார்கள். அந்தக் கணக்கு தனியாக இருக்கிறது.

கருத்தரங்கம் 2025 பிப்ரவரி 22, சனிக்கிழமை நடந்தது. வந்த ஆய்வுச் சுருக்கங்கள் 61. இவற்றில் களத்துக்குப் போய் எழுதியவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை 14. மற்றவற்றில் பல ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. ‘இந்தியா கிராமங்களில் வாழ்கிறது’ என்று தொடங்கியவற்றை எண்ணினேன், பதினொன்று. இரண்டு சுருக்கங்கள் எழுத்துப்பிழை உட்பட ஒன்றேயாக இருந்தன. இரண்டு பேரிடமும் கேட்டபோது, மற்றவர் தம்மைப் பார்த்து எழுதினார் என்றார்கள்.

இளைஞர்களை மட்டும் குறை சொல்லி ஆவதில்லை. 2010 முதல் கருத்தரங்கக் கட்டுரைக்கும் ஆய்விதழ்க் கட்டுரைக்கும் மதிப்பெண் போட்டுத்தான் கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வைப் பார்த்தார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாகவேண்டும் என்ற விதியை 2022இல்தான் பல்கலைக்கழக மானியக்குழு நீக்கியது. தரமான இதழ்கள் என்று அது வைத்திருந்த ‘கேர்’ பட்டியலையும் நம் கருத்தரங்கத்துக்குச் சில நாள் முன்பு கைவிட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்ட கேள்வி, “சார், சான்றிதழ் சாயங்காலமே கொடுத்துடுவீங்களா?” ஒரு பதிப்பகத்தார் கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் ஐஎஸ்பிஎன் எண்ணோடு புத்தகம் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றதும் ஏழெட்டுப் பேர் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். அந்தப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

என் தவறு ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஜூம் வழியாகப் பேச ஒப்புக்கொண்டதும் பிளெக்ஸில் ‘பன்னாட்டுக் கருத்தரங்கம்’ என்று போடச் சொன்னது நான்தான். அவர் பேசும்போது மின்சாரம் போய்விட்டது. பன்னாடு அத்தோடு முடிந்தது.

மதியச் சாப்பாடு முப்பது பேருக்குக் குறைந்தது. கம்பருக்குச் சோறு போட்ட சடையப்ப வள்ளலின் திருவெண்ணெய்நல்லூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படியா என்று தலைவர் மேடையிலேயே கேட்டார். எலுமிச்சைச் சாதம் வாங்கிவந்து சமாளித்தோம்.

பிற்பகலில் ஆங்கிலத்தில் பவர்பாயிண்ட் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்ததையே திரும்பிநின்று வாசித்தார்கள். இருவேல்பட்டுப் பக்கமிருந்து நாம் அழைத்துவந்த நான்கு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். 2008 ஆய்வைப் பற்றிய கட்டுரை வந்தது. பெரும்பாலோருக்கு இப்போது விவசாயம் மட்டுமே பிழைப்பில்லை, வெளிவேலைக்குப் போகிறார்கள், பெருநிலக்காரரின் பிடி தளர்ந்திருக்கிறது என்பது அதன் சாரம். முடிந்ததும் அவர்களில் ஒரு பெரியவர் எழுந்தார். “இதெல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதான். நூறு வருஷமா எங்களப் பத்தி எழுதுறீங்க. ஊருக்கு ஒரு காப்பி குடுத்தீங்களாய்யா?”

யாரும் பதில் சொல்லவில்லை. தலைமை வகித்த பேராசிரியர் அடுத்த கட்டுரையாளரை அழைத்தார். நான் எழுந்து, ஊரைப் பற்றி எழுதியதைத் தமிழில் எழுதிக் கொண்டுவந்து தருகிறோம் என்று சொல்லிவிட்டேன். செயற்குழுவைக் கேட்காமல் சொன்னது முறையல்ல. மார்ச் கூட்டத்தில் பின்னேற்பு தந்த செயற்குழுவுக்கு நன்றி.

1918 நூலின் இருவேல்பட்டுப் பகுதியை மூன்று உறுப்பினர்கள் தமிழாக்கி வருகிறார்கள். பாதி முடிந்திருக்கிறது. பழைய அளவுகளை என்ன செய்வது என்பதில் ஒரு மாதம் போனது. நம் பக்கம் காணி என்றால் 1.32 ஏக்கர் என்று எல்லோருக்கும் தெரியும். மரக்காலில்தான் மூன்று பேரும் மூன்று கணக்குச் சொல்கிறார்கள். வீட்டில் பழைய மரக்கால் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் நெல்லைக் கொட்டி அளந்தே பார்த்துவிடலாம்.

அடுத்த கருத்தரங்கத்துக்கு மூன்று முன்மொழிவுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். கட்டுரைகள் தமிழில் வாசிக்கப்படவேண்டும். எந்த ஊரைப் பற்றிய கட்டுரையோ அந்த ஊருக்கு ஒரு படி போகவேண்டும். பிளெக்ஸ் வாசகத்தைச் செயலாளர் தனியாக முடிவுசெய்யக்கூடாது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கருத்தரங்கத்தில் விழுந்த துண்டை இரண்டு உறுப்பினர்கள் பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு கட்டிவிட்டார்கள்.

செயலாளர்