நடைபாதைக்கென வார்டுதோறும் ஒரு சிறு நிதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரச் சாலைகள் குறித்த அறிவிப்புகள் எல்லாம் கோடிக்கணக்கில்தான் வருகின்றன. மேம்பாலமும் சாலை விரிவாக்கமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அறுபது வயதைக் கடந்த ஒருவர் தம் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை விழாமல் நடந்து போய்ச் சேர்வதற்குச் செய்ய வேண்டிய பணிகள் பெரும்பாலும் சில ஆயிரங்களில் அல்லது ஓரிரு லட்சங்களில் முடிந்துவிடக் கூடியவை. தொகை சிறியது என்பதாலேயே அவை எந்தத் திட்டத்திலும் இடம்பெறாமல் போகின்றன. இத்தகைய பணிகளுக்கென்றே வார்டு அளவில் ஒரு சிறு மானிய நிதியைத் தமிழக அரசு ஏற்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு மருந்துக் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட நடைபாதை, மழைநீர் வடிகாலின் மேல்தளமாகவே கட்டப்பட்டிருக்கிறது. சாலையிலிருந்து ஏறக்குறைய முழங்கால் உயரம். ஏறுவதற்குப் படியும் இல்லை, சாய்தளமும் இல்லை. யாராவது கை கொடுத்து ஏற்றிவிட்டாலும், சற்றுத் தள்ளி மின்வாரியப் பெட்டி ஒன்று வழியை மறிக்கிறது. அதைச் சுற்றி இறங்கி மீண்டும் ஏறினால், உடைந்த வடிகால் மூடியின் மேல் யாரோ போட்டுவைத்த பலகை ஆடுகிறது. ஆகவே மூட்டுவலிக்காரர்கள், கைத்தடி ஊன்றுபவர்கள், குழந்தையைத் தூக்கி வருபவர்கள் எல்லோரும் வாகனங்களுக்கு நடுவே சாலையிலேயே நடக்கிறார்கள். நடைபாதையின் விளிம்பு 15 செ.மீ. உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்று, சாலைகளுக்கான தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2012ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. இங்கே ஒரு சாய்தளம் கட்டுவதும் மூடியை மாற்றுவதும் ஒரு கொத்தனாரும் சித்தாளும் இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும் வேலைதான்.

இது ஒரு தெருவின் குறையாக இருந்தால் நாளிதழுக்கு எழுதியிருக்க மாட்டேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, அந்தப் பங்கு அதன்பின் கூடிக்கொண்டே வருகிறது. சென்னையில் மூத்த குடிமக்களுக்கு மாதம் பத்துக் கட்டணமில்லாப் பேருந்து டோக்கன்கள் தரப்படுகின்றன. நல்ல திட்டம். ஆனால் நிறுத்தம் வரை நடக்க முடியாதவருக்கு அந்த டோக்கன் வீட்டு அலமாரியில்தான் கிடக்கும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 32,825 பாதசாரிகள் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கையே கூறுகிறது.

அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்தோருக்கான ஏ.ஏ.ஆர்.பி. என்னும் அமைப்பு, 2017 முதல் ஆண்டுதோறும் உள்ளூர் அமைப்புகளுக்கும் நகர நிர்வாகங்களுக்கும் இத்தகைய சிறு மானியங்களை வழங்கி வருகிறது. சில நூறு டாலர் முதல் பல்லாயிரம் டாலர் வரை தருகிறார்கள். நிழல் விழும் இடத்தில் ஒரு பெஞ்சு, சாலையைக் கடக்கும் இடத்தில் தெளிவான கோடுகள், மிதிவண்டி நிறுத்தும் கம்பிகள் போன்றவைதான் பணிகள். இவற்றில் என்னைக் கவர்ந்தது, குடியிருப்போரே தெருவில் நடந்தும் மிதிவண்டியில் சென்றும் குறைகளைக் குறித்துக்கொள்ளும் தணிக்கைக்கென்றே 2,500 டாலர் தனியாகத் தரப்படுவது. பணம் பெற்றவர்கள் சில மாதங்களுக்குள் வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. நம் ஊரில் மிகவும் தேவைப்படுவது இந்தக் காலக்கெடுதான்.

நம்மிடம் கொள்கைக்குக் குறைவில்லை. நடை, மிதிவண்டி என மோட்டார் வாகனம் சாராத போக்குவரத்துக்கான கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றது. 2019இல் தியாகராய நகர்க் கடைத்தெருவான பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, அகலமான நடைபாதையில் மக்கள் எவ்வளவு விருப்பத்தோடு நடக்கிறார்கள் என்பதையும் கண்கூடாகப் பார்த்தோம். கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. இத்தனைக்குப் பிறகும் பாண்டி பஜாரிலிருந்து சில தெருக்கள் தள்ளிக் குடியிருப்பவருக்கு வாசலைத் தாண்டினால் நடக்க இடமில்லை.

‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். மக்களும் அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் அத்திட்டம் பூங்காவுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் பொருந்தும். நடைபாதைக்கு அப்படிப் பங்குத்தொகை கேட்டால், வசதியுள்ள குடியிருப்புகள் மட்டுமே அதைத் திரட்டித் தரும். ஓய்வூதியம்கூட இல்லாத முதியவர்கள் வாழும் தெருக்கள் விடுபட்டுப் போகும். எனவே பங்குத்தொகை கேட்காத தனி நிதியாகவே இது இருக்க வேண்டும். பணிகளைத் தேர்ந்தெடுக்க, வார்டுக்குள் குடியிருப்போர் கூடிப் பேசுவதற்கென 2022இல் நடைமுறைக்கு வந்த பகுதி சபாக்கள் இருக்கின்றன. செய்த வேலையின் செலவுக் கணக்கை அதே சபாவில் படித்துக் காட்டினால் முறைகேட்டுக்கும் இடம் குறையும். பராமரிப்பு யார் பொறுப்பு என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் புதிய பெஞ்சும் ஓராண்டில் உடைந்து கிடக்கும். சிக்னலில் பாதசாரிகளுக்கான நேரத்தைச் சில விநாடிகள் கூட்டுவதற்கு இந்த நிதியும் தேவையில்லை, போக்குவரத்துக் காவல்துறை மனம் வைத்தால் போதும்.

பிளஸ் 1 மாணவ, மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களில் வேகத்தடையும் மிதிவண்டிக்கெனக் கோடிட்ட ஓரமும் அமைக்க இதே நிதியைப் பயன்படுத்தலாம். அந்த வேகத்தடை அதே தெருவில் நடக்கும் பாட்டிக்கும் பாதுகாப்பு.

மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்க இயலாவிட்டால், சென்னையில் ஒரு மண்டலத்தையும் ஒரு சிறிய நகராட்சியையும் முதலில் எடுத்துக்கொண்டு, வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குத் தொகை ஒதுக்குமாறு நகராட்சி நிர்வாகத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவின் முதியோர் சிலர் சேர்ந்து நடந்து பார்த்து, சரிசெய்ய வேண்டிய இடங்களின் பட்டியலை ஒளிப்படங்களோடு தயாரித்து வைத்திருக்கிறோம். அடுத்த பகுதி சபாக் கூட்டத்தில் அதை எழுத்துப்பூர்வமாக அளிக்க இருக்கிறோம்.

இப்படிக்கு,
மூத்த குடிமகன்,
மேற்கு மாம்பலம், சென்னை